மதில் போன வழி: கொழும்புக் கோட்டையின் எச்சங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

1869-க்கும் 1871-க்கும் இடைப்பட்ட காலத்தில் கொழும்புக் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. அப்போது வாசலில் எதிரி எவனும் இல்லை. கடலில் பகைவர் கப்பல் எதுவும் நங்கூரமிட்டிருக்கவில்லை. போர்த்துக்கேயர் தொடங்கி, ஒல்லாந்தர் திருத்திக் கட்டி, ஆங்கிலேயர் பெரிய சண்டை எதுவுமின்றி வாங்கிக்கொண்ட அந்தக் கோட்டையை, அதற்குச் சொந்தக்காரராக இருந்த அரசாங்கமே பிரித்துப் போட்டது.

இன்று கொழும்பு 01 என்ற முகவரிக்குள் வேலைக்குப் போய்வரும் பெரும்பாலானோர் ‘கோட்டை’ என்ற பெயரை நாளுக்குப் பல தடவை உச்சரிக்கிறார்கள். மதிலின் ஒரு கல்லைக்கூடப் பார்த்ததில்லை. கோட்டை புகையிரத நிலையமே பழைய மதிலுக்கு வெளியேதான் நிற்கிறது. 1917-இல் அந்த நிலையம் எழுந்தபோது மதில் மறைந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

மதில் ஏன் இடிக்கப்பட்டது, எவை மிஞ்சின, அவை ஏன் மிஞ்சின, மிஞ்சியவற்றை நாம் ஏன் பார்க்க முடியாமல் இருக்கிறோம் என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள். நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதில் போனது வரவு செலவு பார்த்ததால். சில துண்டுகள் மிஞ்சியது யாரோ ஒருவருக்கு அவை பயன்பட்டுக்கொண்டிருந்ததால். பயன்படுத்தியவர்கள் போட்ட பூட்டு அந்தக் கற்களைக் காத்தது. அதே பூட்டு அவற்றை ஊராரின் கண்ணிலிருந்து மறைத்தும் வைத்திருக்கிறது.

கட்டியவர்களும் முற்றுகையிட்டவர்களும்

1518-இல் போர்த்துக்கேயத் தளபதி லோப்போ சோரெஸ் டி அல்பெர்காரியா கொழும்பு முனையில் ஒரு சிறிய கோட்டையைக் கட்டினார். ஆறே ஆண்டுகளில், 1524-இல், மேலிடத்துக் கட்டளைப்படி அது கைவிடப்பட்டது. கறுவா வியாபாரமும், கொழும்புக்கு அருகே கோட்டே என்ற ஊரைத் தலைநகராகக் கொண்டிருந்த அரசின் உட்பூசலும் அவர்களை மறுபடி இழுத்து வந்தன. 1550-களில் மதில் மீண்டும் எழுந்தது. இம்முறை துறைமுகத்தை ஒட்டிய காவல் நிலையமாக இல்லாமல், ஒரு நகரத்தையே சுற்றி வளைக்கும் சுவராக எழுந்தது. ஓடையை மறித்து ஏரியாக்கி, தரைப்பக்கத்துக்கு நீர்க்காவல் அமைத்தார்கள். இன்று நாம் பேரே வாவி என்று அழைக்கும் நீர்நிலையின் பிறப்பு இதுதான். அழகுக்காகத் தோண்டப்பட்ட குளம் என்று அதை நினைப்பவர்கள் உண்டு. பகைவனை மூழ்கடிப்பதற்காகத் தேக்கிய நீர் அது.

1565-இல் கோட்டே கைவிடப்பட்டு, அதன் மன்னன் தர்மபாலனே கொழும்பு மதிலுக்குள் வந்து குடியேற வேண்டியதாயிற்று. 1587-இல் சீதாவக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் பெரும் படையோடு வந்து நகரை வளைத்தான். வாய்க்கால் வெட்டி ஏரி நீரை வடிப்பதற்கு அவன் எடுத்த முயற்சி, அந்த நீர் மதிலுக்கு எவ்வளவு பெரிய பலமாக இருந்தது என்பதற்குப் போதிய சான்று. மாதக்கணக்கில் நீடித்த முற்றுகை 1588 தொடக்கத்தில் பலனின்றி முடிந்தது.

கொழும்பு மண்ணில் நடந்த முற்றுகைகளில் மிகக் கொடியது 1655-56 முற்றுகை. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து ஒல்லாந்தர் 1655-இன் இறுதிப் பகுதியில் நகரை வளைத்தார்கள். ஏறத்தாழ ஏழு மாதங்கள். உள்ளே சோறு தீர்ந்தது. யானை, நாய், எலி வரை உணவாயின. இருப்பில் உள்ளதை மிச்சம் பிடிக்கச் சண்டையிட முடியாத மக்களை நகருக்கு வெளியே தள்ளினார்கள். வெளியே இருந்தவர்கள் அவர்களைத் திரும்ப மதிலை நோக்கி விரட்டினார்கள். இரு படைகளுக்கும் வேண்டாதவர்களாக மதிலடியில் கிடந்த அந்த மனிதர்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை. கொழும்பின் வரலாற்றைப் படிக்கும்போது என் மனம் எப்போதும் தங்கிவிடும் இடம் இதுதான். ஒல்லாந்தத் தளபதி ஹெரார்ட் ஹுல்ஃப்ட் 1656 ஏப்ரல் 10-இல் சுடப்பட்டு இறந்ததை எல்லா நூல்களும் நாள் தவறாமல் சொல்கின்றன.

1656 மே 12-இல் போர்த்துக்கேயர் சரணடைந்தனர். கூட்டாளியான கண்டி மன்னனின் ஆட்களுக்கு ஒல்லாந்தர் வாசலைத் திறக்கவில்லை. கோட்டையைத் தாமே வைத்துக்கொண்டனர்.

அடிமைகள் கட்டிய கொத்தளங்கள்

ஒல்லாந்தர் முதலில் செய்த வேலை நகரைச் சுருக்கியது. போர்த்துக்கேயரின் நீண்ட சுவரைக் காக்க ஏராளமான ஆட்கள் வேண்டும்; ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு வியாபார நிறுவனம், ஆள் செலவைக் குறைக்கப் பார்த்தது. மேற்கே கடலுக்குள் நீண்டிருந்த முனையை மட்டும் அரணாக வலுப்படுத்தி, கிழக்கே இருந்த மீதி நகரைத் தனியாக்கினார்கள். நடுவே வெட்டவெளி. கோட்டை என்றும் புறக்கோட்டை என்றும் இன்றும் நாம் பிரித்துச் சொல்லும் இரண்டு கொழும்புகள் அப்போது பிரிந்தவைதான்.

தரைப்பக்கக் கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டு ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள்: லெய்டன், டெல்ஃப்ட், ஹூர்ன், ரொட்டர்டாம். காலி வீதிப் பக்கத்தை மிடெல்பர்க் கொத்தளம் பார்த்தது. கடற்பக்கத்தில் பாறையே பாதி மதிலாக இருந்தபடியால், பீரங்கி மேடைகளும் தாழ்ந்த சுவர்களும் போதுமாக இருந்தன. தெற்கே, இன்று மாலையில் பட்டம் விடும் காலிமுகத்திடல், அக்காலத்தில் பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காக வெறுமையாக வைக்கப்பட்ட நிலம்.

இவற்றைக் கட்டிய கைகள் யாருடையவை? கோட்டைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொறியாளர் பெயரோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழில் எழுதும் நாம் அங்கே நிறுத்தக் கூடாது. 1658-இல் ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தைப் பிடித்தனர். அடுத்த ஆண்டு தொடங்கித் தஞ்சாவூர்ச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து தாக்கின. பட்டினியால் தம்மையும் பிள்ளைகளையும் விற்ற மக்களை ஆயிரக்கணக்கில் கம்பனி விலைக்கு வாங்கிக் கப்பலேற்றியது. அவர்களில் பெருந்தொகையானோர் இலங்கைக்கு வந்து இறங்கினார்கள். வயல் வேலையோடு அரண் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. 1694-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கொழும்பு நகரில் வாழ்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள். தென்னிந்தியாவிலிருந்து மட்டுமன்றி வேறு கரைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

பகலில் கோட்டைக்குள் உழைத்த கம்பனி அடிமைகளை இரவில் ஏரிக்கு அப்பால் கொண்டுபோய் அடைத்தார்கள். நீர் சூழ்ந்த அந்த நிலம்தான் இன்றைய கொம்பனித் தெரு. ஏரியில் முதலைகள் இருந்தபடியால் இரவுக் காவல் இலேசாக முடிந்தது. வானளாவிய குடியிருப்புகள் எழுந்துவிட்ட அந்தப் பகுதியில் இச்செய்தியைச் சொல்லும் நினைவுக்கல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இடித்தவர்களின் கணக்கு

1796 பெப்ரவரியில் கோட்டை கைமாறிய விதம், கோட்டைகளின் காலம் முடிந்துகொண்டிருந்ததைக் காட்டியது. ஒல்லாந்தருக்காகக் காவலிருந்த சுவிட்சர்லாந்துக் கூலிப்படையான டி மெரோன் படைப்பிரிவை, அதன் உரிமையாளரோடு ஒப்பந்தம் பேசி ஆங்கிலேயர் முன்கூட்டியே தம் பக்கம் இழுத்துவிட்டார்கள். அதைப் பேசி முடித்தவர் ஹியூ கிளெக்ஹோர்ன் என்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர். மிச்சப் படையோடு ஆளுநர் வான் ஏங்கெல்பெக் கோட்டையை ஒப்படைத்தார். இத்தனை கொத்தளங்களும் பீரங்கிகளும் இருந்தும் முடிவு கையெழுத்தில் வந்தது.

ஆங்கிலேயர் கையில் மதில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே நின்றது. ஆனால் அதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1815-இல் கண்டி வீழ்ந்ததும் உள்நாட்டிலிருந்து படை வரும் அச்சம் பெரிதும் குறைந்தது. ஐரோப்பாவில் புதிய வகைப் பீரங்கிகள் வந்து, பழைய கல்மதில்கள் தாக்குப்பிடிக்க மாட்டா என்பது தெளிவாகியது. மலைநாட்டுக் கோப்பி மூட்டைகள் கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தன. 1865-இல் அம்பேபுஸ்ஸ வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. மூட்டை ஏற்றிய வண்டிகள் குறுகிய கோட்டை வாசலுக்குள் நுழைந்து துறைமுகத்துக்குப் போக வேண்டும். வியாபாரிகளின் கண்ணில் மதில் ஒரு முட்டுக்கட்டை. படையினரின் கண்ணில் அது பராமரிப்புச் செலவு. அகழி நீர் தேங்கி நாறியதும் சேர்ந்துகொண்டது.

மதில் விழுந்துகொண்டிருந்தபோதே, 1869 நவம்பரில் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதுவரை அஞ்சல் கப்பல்களின் பெருந்துறை காலி நகரம்தான். 1875 டிசம்பர் 8-இல் வேல்ஸ் இளவரசர் கொழும்பு அலைதடுப்புக்கு அடிக்கல் நாட்டினார். மஹரவில் கைதிகள் உடைத்த கருங்கல் ரயிலில் வந்து கடலுக்குள் இறங்கியது. 1885-இல் தென்மேற்கு அலைதடுப்பு முடிந்தபோது கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டன. காலியில் மதிலை இடித்துக் கட்டடம் எழுப்பும் அவசரம் எவருக்கும் இருக்கவில்லை. வியாபாரம் விட்டுப் போனதால் காலி மதில் தப்பியது. 1988-இல் அது உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. வியாபாரம் வந்து சேர்ந்ததால் கொழும்பு மதில் போனது. காலிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ‘அவர்கள் காப்பாற்றினார்கள், நாங்கள் கைவிட்டோம்’ என்று பேசுவதுண்டு. இரு ஊர்களின் மனத்தையும் விட, கப்பல் எந்தத் துறையில் நின்றது என்பதே தீர்மானித்தது.

இடித்ததை மட்டும் வைத்து அன்றைய அரசாங்கத்தைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. வளரும் துறைமுக நகரத்தின் கழுத்தை ஒரு மதில் இறுக்கிக்கொண்டிருந்தால் அது தளரத்தான் வேண்டும். ஆனால் ஒரு கொத்தளத்தையாவது, ஒரு முழு வாசலையாவது பொதுமக்கள் பார்க்கும்படி விட்டிருக்கலாம். தேசாதிபதி ஹேர்க்கியுலிஸ் றொபின்சன் 1868-இல் நாட்டின் தொன்மையான கட்டடங்களைப் பற்றிய தகவல் திரட்ட ஒரு குழுவை நியமித்தவர். 1870-71 காலப்பகுதியில் ஜோசப் லோட்டன் என்ற புகைப்படக்காரர் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் அரசாங்கத்துக்காகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில், அதே ஆட்சியின் தலைநகரில், முன்னூறு ஆண்டு வரலாறு கொண்ட மதில் தரைமட்டமாகிக்கொண்டிருந்தது. காட்டுக்குள் கிடந்தது தொன்மை என்று தெரிந்தவர்களுக்கு, தம் அலுவலக யன்னலுக்கு எதிரே நின்றது தொன்மையாகத் தெரியவில்லை. அது அவர்களுக்குத் தளவாடம். பழுதானால் கழித்துவிடும் பொருள்.

சட்டம் வர மிகவும் தாமதமாகியது. தொல்பொருள் திணைக்களத்தின் தொடக்கம் 1890. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940-இல் வந்தது. 1815 மார்ச் 2-க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாக அது வரையறுத்தபோது, ஒல்லாந்தர் மதில் முழுவதும் அந்த வரையறைக்குள் அடங்கியது. மதில்தான் இருக்கவில்லை.

மதில் இருந்த நிலத்தில் படை முகாம்கள் எழுந்தன. தெற்கே எழுந்த எச்சலோன் முகாமும் பின்னர் மறைந்துவிட்டது. எச்சலோன் சதுக்கம் என்ற பெயர் மட்டும் உலக வர்த்தக மையத்தின் முகவரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே துறைமுகத்துக்கு அருகில் லேடன் பஸ்தியன் வீதி. பஸ்தியன் என்றால் கொத்தளம். அந்தப் பெயரைப் பார்த்து அங்கே ஒரு கொத்தளம் நின்றது என்று உணர்பவர்கள் எத்தனை பேர்?

மிஞ்சியவை

எச்சங்களில் எல்லோரும் முதலில் சொல்வது டெல்ஃப்ட் வாசல். புறக்கோட்டைப் பக்கத்திலிருந்து கோட்டைக்குள் நுழையும் வழி அது. முன்பு பிரிஸ்டல் வீதி என்றிருந்து, இன்று சேர் ராசிக் பரீத் மாவத்தை எனப்படும் தெருவில், கொமர்ஷல் வங்கியின் தலைமையகத்தோடு சேர்ந்து அது நிற்கிறது. வாசலை அகற்றாமல் வளைவையும் தடித்த சுவர்களையும் பேணியபடி கட்டடம் எழுப்பப்பட்டது. வரி வரியாக வாகனங்கள் நிற்கும் அந்த ஒடுக்கமான தெருவில் அதைத் தேடிப் போகிறவனுக்கு மட்டும்தான் அது தென்படும். ஆனால் தென்பட்டுவிட்டால், இரண்டு காலங்களின் சுவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது நன்றாகவே விளங்கும். புதிய சுவர் ஒரு சாண் தடிப்பு. பழைய சுவரின் ஆழத்துக்குள் ஓர் ஆள் படுத்து உறங்கலாம். குண்டு விழுந்தாலும் அசையாதிருக்க வேண்டும் என்று எண்ணிக் கட்டிய சுவர் அப்படித்தான் இருக்கும். ஒரு தனியார் நிறுவனம் தன் நிலத்தின் மதிப்பை அறிந்தும் அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது பாராட்டப்பட வேண்டிய செயல். கொழும்பில் இது அரிது.

கடலோரத்தில், கடற்படையின் வளாகத்துக்குள்ளும் துறைமுக எல்லைக்குள்ளும் மதில் துண்டுகள் சில நிற்கின்றன. இவை ஏன் தப்பின என்பதில் மர்மம் எதுவும் இல்லை. தரைப்பக்க மதில் வண்டிக்கும் வியாபாரத்துக்கும் தடையாக இருந்தது. கடற்பக்க மதில் யாருக்கும் தடையாக இருக்கவில்லை. அலையைத் தடுக்கவும் காவல் எல்லையாகவும் உதவியது. படையினரின் நிலம் படையினரிடமே இருந்தது. ஆட்சி மாறியபோதும் காவலாளியின் சீருடைதான் மாறியது.

மதிலைச் சேராவிட்டாலும் கோட்டையின் உடம்பைச் சேர்ந்த கட்டடங்களும் உண்டு. ஒல்லாந்தர் மருத்துவமனை 1681-இலேயே இயங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் நோயுற்று வந்த கம்பனி ஆட்களுக்காகத் துறைமுகத்துக்கு அருகில், கால்வாய் ஓரமாகக் கட்டினார்கள். அந்தக் கால்வாய் தூர்ந்து கெனல் ரோ என்ற சிறு தெருவாகிவிட்டது. வெயிலில் வெந்து அதன் முற்றத்துக்குள் நுழைந்தால் உடனே குளிர்மை தெரியும். 50 சென்ரிமீற்றர் அளவு தடித்த சுவர்கள், தாழ இறங்கிய ஓட்டுக்கூரை, அதைத் தாங்கும் தேக்கு உத்தரங்கள், இரு முற்றங்களைச் சுற்றி ஓடும் நீண்ட விறாந்தை. காய்ச்சல்காரனுக்குக் காற்று வேண்டும் என்று தெரிந்தவர்கள் கட்டிய கட்டடம் அது. பின்னர் பல கைகள் மாறி, கோட்டைப் பொலிஸ் நிலையமாகவும் இருந்து, 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. நண்டு சாப்பிட வருகிறவர்கள் பலர் உத்தரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. ஆள் நடமாடும் கட்டடத்தின் கூரை ஒழுகினால் மறுநாளே ஓடு மாற்றுவார்கள்.

சேர்ச் தெருவில் உள்ள புனித பேதுரு தேவாலயமும் இந்த வகையே. ஒல்லாந்த ஆளுநரின் மாளிகையாக இருந்து, 1821-இல் தேவாலயமாக அர்ப்பணிக்கப்பட்டது. சுவர் ஒன்றுதான், குடியிருந்தவர் மாறினார்.

புறக்கோட்டையில் கேமன்ஸ் கேட் மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. பழைய நகரின் கிழக்கு வாசல் இருந்த இடம் அது. கோட்டேயில் பாழடைந்து கிடந்த போர்த்துக்கேயத் தேவாலயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட மணி என்று சொல்வார்கள். வாசலும் மதிலும் போய்விட்டன. மணிக்கூண்டு மட்டும் பிரதான வீதியின் நெரிசலுக்குள் நிற்கிறது. நாட்டாமிமார் மூட்டை அடுக்கிய கைவண்டில்களை அதன் ஓரமாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே நின்றிருந்த வயதான ஒருவரிடம், “ஐயா, இந்த மணியை எப்போதாவது அடிப்பார்களா?” என்று கேட்டேன். “நான் வந்த காலத்திலிருந்து கேட்டதில்லை, தம்பி. ஆனால் வழி சொல்லும்போது எல்லோரும் மணிக்கூண்டடி என்றுதான் சொல்வோம்” என்றார். ஊருக்குப் பயன்படுகிறது, நிற்கிறது.

சோதனைச் சாவடியின் காலம்

மதில் இல்லாத கோட்டைக்குள் நுழைவதும் ஒரு காலத்தில் கடினமாக இருந்தது. 1996 ஜனவரி 31-இல் மத்திய வங்கிக் கட்டடத்தின் மீது நடந்த குண்டுத் தாக்குதலில் 91 பேர் கொல்லப்பட்டனர்; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அருகிலிருந்த ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடமும் சேதமுற்றது. அலுவலகத்துக்கு வந்து வீடு திரும்பாதவர்களின் துயரம் எந்தச் சமூகத்துக்கும் தனியானதல்ல. அதன்பின் கோட்டை உயர் பாதுகாப்பு வலயமாகியது. தெருக்கள் மறிக்கப்பட்டன, மணல் மூட்டை, இரும்புத் தடை, அடையாள அட்டைச் சோதனை. அட்டையில் பெயரைப் பார்த்ததும் வரிசையிலிருந்து தனியே நிறுத்தப்பட்ட அனுபவம் கொழும்புத் தமிழர் பலருக்கும் உண்டு. செட்டியார் தெருக் கடையிலிருந்து கோட்டை வங்கிக்குப் பணம் கட்டப் போவது பத்து நிமிட நடை. அந்த நடையைத் தவிர்ப்பதற்காக வேறு கிளைக்குப் போனவர்கள் இருந்தார்கள்.

இந்த ஆய்வுக்கு அது ஏன் வேண்டும் என்றால், எச்சங்களைப் பொதுமக்கள் மறந்ததில் அந்த ஆண்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்ட எவரும் அங்கே அழைத்துப் போகவில்லை. கமராவோடு சுவரைப் பார்த்து நிற்பது சந்தேகத்துக்குரிய செயலாகியது. 2009-இல் போர் முடிந்த பின் தெருக்கள் படிப்படியாகத் திறந்தன. ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்துவிட்டது. கோட்டை என்றால் அதற்கு வங்கிகளும் ரயிலும்தான்.

யாழ்ப்பாணம் இதற்கு நேர் எதிர். முருகைக்கல்லால் எழுந்த யாழ்ப்பாணக் கோட்டை 1990 முற்றுகையிலும் பின்வந்த சண்டைகளிலும் சிதைந்தது. 1706-இல் கட்டிய குருசுத் தேவாலயம் கற்குவியலாகியது. போருக்குப் பின் நெதர்லாந்தின் உதவியோடு மதில்கள் திருத்தப்பட்டன. இன்று மாலையில் குடும்பங்கள் மதிலேறிக் கடற்காற்று வாங்குகின்றன. அவ்வளவு அடிபட்ட கோட்டையை ஊரார் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒல்லாந்தர் கையில் வந்த பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் எந்தப் பீரங்கியும் உடைக்காத கொழும்புக் கோட்டையின் கடற்பக்க மிச்சத்தை அனுமதிக் கடிதம் இல்லாமல் அணுக முடியாது.

இனிச் செய்யக்கூடியவை

மதிலை மறுபடி கட்டச் சொல்வது பேதைமை. கட்டினாலும் அது சினிமாக் கோட்டையாகத்தான் இருக்கும். செலவு குறைந்த, உண்மைக்குக் கிட்டிய வழி, மதில் ஓடிய கோட்டினைத் தரையில் வரைந்து காட்டுவது. ஒல்லாந்தர் வரைந்த விரிவான வரைபடங்கள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை இன்றைய நில அளவைப் படத்தின் மேல் பொருத்தி, நடைபாதையில் வேறு நிறக் கல் பதிக்கலாம். லேடன் பஸ்தியன் வீதியில் தொடங்கி, டெல்ஃப்ட் வாசலைத் தொட்டு, எச்சலோன் சதுக்கம் வழியாகக் காலிமுகத்திடலின் வடமுனை வரை ஒருவர் அரை மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். ஒவ்வொரு கொத்தளத்தின் இடத்திலும் மும்மொழியில் ஒரு பலகை போதும். ஆடிவேல் இரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும்போது பின்னால் நடக்கும் அடியார்களும், பழைய மதில் எங்கே நின்றது என்று காலடியில் பார்த்துக்கொண்டு போவார்கள்.

இரண்டாவது விடயம் நிலத்துக்கு அடியில் உள்ளது. மதிலை இடித்தவர்களுக்குத் தேவைப்பட்டது மேலே உள்ள இடம். அடித்தளம் முழுவதையும் தோண்டி அகற்ற அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. கோட்டைப் பகுதியில் இப்போது எழும் ஒவ்வொரு மாடிக் கட்டடமும் வாகனத் தரிப்புக்காக ஆழமாகத் தோண்டுகிறது. பழைய மதில் கோட்டின் மீது தோண்டும்போது தொல்பொருள் அதிகாரி ஒருவர் குழியருகே நிற்க வேண்டும் என்பதைக் கட்டட அனுமதியிலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். மேற்கே துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடல் நிலமாக்கப்பட்டுவிட்டது. திறந்த கடலைப் பார்த்து நின்ற முனையின் முகமே மாறிவிட்ட நிலையில், எஞ்சிய கடற்சுவர்களை அளந்து, படம் பிடித்து, வெளியிடுவதற்கு இதைவிட அவசரமான நேரம் இருக்காது.

மூன்றாவது, பூட்டு. கடற்படையும் துறைமுக அதிகாரசபையும் தம் வளாகங்களைத் தினமும் திறந்துவிட வேண்டும் என்று எவரும் கேட்க மாட்டார்கள். பாதுகாப்புக் காரணங்கள் உண்மையானவை. ஆனால் ஆண்டில் குறித்த சில நாட்களில், முன்பதிவு செய்த சிறு குழுக்களை வழிகாட்டியோடு உள்ளே அனுமதிப்பது முடியாத காரியமல்ல. அந்த வழிகாட்டிகளில் தமிழில் விளக்கம் சொல்லக்கூடியவர்களும் இருக்க வேண்டும். முதல் ஆண்டில் கொழும்புப் பாடசாலைகளின் வரலாற்று மாணவர்களை மட்டும் அழைத்துப் போகட்டும். தஞ்சைக் கரையிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு வந்தவர்களின் கதையை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லட்டும். இரவில் அவர்களை ஏரிக்கு அப்பால் கொண்டுபோன திசையையும் காட்டட்டும்.